லகூனாவும் களப்பும்

விடைத்தாளில் வெற்றிடம் விடுவது மாணாக்கர்க்குப் புதிதன்று. ஆயினும், சென்ற மார்கழி விடுமுறைக்குக் கல்முனைக்கு வந்திருந்த என் தங்கையின் மகள் காட்டிய புவியியல் விடைத்தாளிலே கண்ட வெற்றிடம் ஒன்று என்னைத் திருக்கோவில் வரைக்கும் இழுத்துச் சென்றுவிட்டது.

'கடனீரேரி என்றால் என்ன?' என்பது வினா. கடலிலிருந்து மணற்றிட்டினாற் பிரிக்கப்பட்டு, ஒடுங்கிய வாயொன்றினால் அக்கடலோடு தொடர்புற்று விளங்கும் ஆழங் குறைந்த நீர்ப்பரப்பு என்று அவள் குறைவற விடை எழுதியிருந்தாள். ஆங்கிலத்தில் அதனை லகூன் என்பர் என்றும், இத்தாலி நாட்டு வெனிஸ் நகரம் அத்தகைய நீர்ப்பரப்பின் நடுவே அமைந்தது என்றும் சேர்த்திருந்தாள். யாவும் சரியே. 'உமது பிரதேசத்திலிருந்து ஓர் உதாரணம் தருக' என்ற அடுத்த வரிக்கு எதிரே மட்டும் ஓர் எழுத்தும் இல்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் பிறந்து வளர்ந்த இல்லம் திருக்கோவிலை அடுத்த தம்பிலுவிலில் உள்ளது. வளவின் பின்புறத்து வேலியைத் தாண்டிச் சிறிது நடந்தால் நீர்தான்.

"ஏன் பிள்ளை, இந்த இடத்தை வெறுமையாக விட்டாய்?" என்று கேட்டேன்.

"எங்கட ஊரில கடனீரேரி எங்க மாமா இருக்கு? இருக்கிறது களப்புத்தானே!" என்றாள் அவள், சற்றுங் கள்ளமின்றி.

சிரிப்பு அடங்கிவிட்டது. பிழை அவளுடையதா, நம் எல்லோருடையதா என்ற ஐயம் எழுந்தது. பரீட்சைக்கென்று ஒரு சொல்லும் வாழ்க்கைக்கென்று ஒரு சொல்லுமாக இரண்டை வைத்துக்கொண்டு, அவை ஒரே பொருளைக் குறிப்பன என்று சொல்லிக் கொடுக்க மறந்துவிட்டோம். விடுமுறை முடியுமுன் அவளை ஊரிலே கொண்டுபோய் விடவேண்டியிருந்தது. போகும் வழியிலேயே அந்தச் சொல்லின் வரலாற்றைச் சொல்லி, வெற்றிடத்தை நிரப்பச் செய்வதென்று முடிவு செய்தேன்.

கல்முனையிலிருந்து திருக்கோவிலுக்கு 40 கிலோமீற்றருக்கு உட்பட்ட தூரம். பஸ் சாய்ந்தமருதைக் கடந்து, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று தெற்கு நோக்கிச் செல்லும். கிழக்கே கடல், மேற்கே கண்ணுக்கெட்டிய மட்டும் பெரும்போக வயல். பள்ளிவாசலின் பாங்கொலியும் கோயிலின் மணியோசையும் அடுத்தடுத்துக் காதில் விழும் வழி இது. ஊர்ப்பெயர்களைக் கவனித்துக்கொண்டே போனால் நிலமும் நீரும் மாறிமாறி வரக் காணலாம். கல்முனை, மருதமுனை, பாலமுனை என்பவற்றில் முனை, காரைதீவில் தீவு, ஒலுவில், தம்பிலுவில், பொத்துவில் என்பவற்றில் நீர் தேங்கும் வில். திருக்கோவிலுக்கும் நாகர்முனை என்ற பழம்பெயர் மரபிலே வழங்குகின்றது. இங்குள்ளோர் நீரை எவ்வளவு நுணுக்கமாகப் பார்த்துப் பெயரிட்டனர் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

காரைதீவைக் கடக்கும்போது, "விபுலாநந்த அடிகள் பிறந்த ஊர்" என்றாள் மருமகள். 1892ஆம் ஆண்டு இங்கே பிறந்த அடிகளை யாழ்நூலின் ஆசிரியராக யாவரும் அறிவர். அவரே 1936இல் சென்னையில் நடைபெற்ற கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் என்பதை மாணாக்கர் பலர் அறியார். அந்நிய நாட்டு அறிவியற் சொற்களை எவ்வாறு தமிழாக்குவது என்ற கேள்வி, இந்தக் களப்புக்கரையிலே பிறந்த ஒருவரின் சிந்தையிலும் இடம் பெற்றிருந்தது.

நாம் எடுத்துக்கொண்ட சொல்லுக்கு வருவோம். லத்தீன் மொழியிலே ஏரிக்கு 'லாக்குஸ்' என்று பெயர். அதனடியாகப் பிறந்தது 'லக்கூனா' என்னுஞ் சொல். குழி, பள்ளம், நீர் தங்கும் தாழ்விடம் என்பன அதன் பொருள்கள். பள்ளம் என்றால் நிரம்பாத இடம் அல்லவா? ஆகவே குறை, இடைவெளி என்ற பொருளும் அதனோடு ஒட்டிக்கொண்டது. காலப்போக்கில் இத்தாலியர் நாவிலே இச்சொல் இரு கிளையாயிற்று. கடலோர நீர்ப்பரப்பைக் குறிக்கும்போது ககரம் மெலிந்து 'லகூனா' ஆயிற்று. இடைவெளியைக் குறிக்கும்போது வல்லொலி மாறாமல் 'லக்கூனா' என்றே நின்றது. தமிழ் மாணாக்கர்க்கு இது விளங்காத மருமமன்று. 'பகல்' என்பதிலும் 'பக்கம்' என்பதிலும் எழுத்து ஒன்றே. ஒலியோ ஒன்றில் மென்மை, மற்றொன்றில் வன்மை.

லக்கூனா என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு நம் ஏட்டுச்சுவடிகளிலேயே உண்டு. செல்லரித்துப் போன பகுதியைப் பதிப்பாசிரியர் புள்ளியிட்டுக் காட்டுவர். பதிற்றுப்பத்திலே முதற் பத்தும் இறுதிப் பத்தும் இன்றுவரை கிடைத்தில. இத்தகைய இழப்பை ஐரோப்பிய அறிஞர் லக்கூனா என்பர். 'லக்கூனாவை நிரப்புதல்' என்பது இத்தாலியர் அன்றாடம் வழங்கும் தொடர். அறிவிலோ, சட்டத்திலோ, கணக்கிலோ ஒரு குறை இருந்தால் அதனை நிரப்பவேண்டும் என்று அவர்கள் சொல்வார்கள்.

"அப்ப நான் பேப்பரில விட்ட இடமும் லக்கூனாதானா?" என்று கேட்டாள் பெண்.

"ஐயமில்லை" என்றேன்.

லகூனாவின் கதை வேறு. இத்தாலியர் 'லகூனா' என்றால் முதலில் நினைவுக்கு வருவது வெனிஸ்தான். வெனிஸ் நகரத்தைப் பெயர் சொல்லாமல் 'லகூனா நகர்' என்றே செய்தித்தாள்கள் எழுதும். பதினேழாம் நூற்றாண்டிலே ஆங்கிலேயர் இச்சொல்லைத் தமதாக்கி லகூன் என்றனர். பின்னர் மாலைதீவு போன்ற பவளத்தீவுகளின் வளையத்துள் அடங்கிய கடலையும் அப்பெயரால் வழங்கினர். சேறும் கோரையும் நிறைந்த கரையிலே பிறந்த சொல், இன்று உல்லாசப் பயண விளம்பரங்களில் நீலநிறத்தோடு மின்னுகின்றது. அகராதி மட்டும் பார்ப்பவனுக்கு இந்த வேறுபாடு தென்படாது. ஒரு சொல்லை எவர், எங்கே, எதற்காக வழங்குகின்றனர் என்று பார்த்தாலன்றி அதன் பொருள் முழுமை பெறாது.

இத்தாலியரும் தமிழரும் சொற்களைக் கொண்டு கொடுத்தது இன்று நேற்றன்று. வெனிஸ் நகரத்தவரான மார்க்கோ போலோ பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியிலே இக்கடல் வழியே சென்றார். தாமிரபருணி கடலொடு கலக்கும் இடத்துக்கு அருகே, அரேபியாவிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் குதிரைகள் வந்திறங்கிய துறைமுகம் ஒன்றை அவர் வருணிக்கின்றார். அவர் எழுதிய பெயர் 'காயில்'. தமிழில் அது காயல். காயல் என்றாலோ தமிழ்நாட்டிலே லகூனாவுக்கு வழங்கும் பெயர்! லகூனாவிலே பிறந்த ஒருவர், லகூனா என்றே பெயர் பூண்ட தமிழ்த் துறையைப் பற்றி எழுதிச் சென்றார். பிற்காலத்தில் இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர், 1732இல் சதுரகராதியைத் தொகுத்துத் தமிழ்ச் சொற்களைப் பெயர், பொருள், தொகை, தொடை என நால்வகையாக நிரற்படுத்தித் தந்தார். அவர் நம் சொற்களுக்குச் செய்த பணியை நினைத்தால், அவருடைய மொழியின் ஒரு சொல்லுக்காக நாம் ஒரு பஸ் பயணம் செய்வது பெரிதன்று.

பஸ் நிந்தவூரை அண்மித்தபோது மழை தூறத் தொடங்கியது. முன்னிருக்கையில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் கண்ணாடியை இழுத்து மூடிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். வெகுநேரமாக எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

"களப்பைப் பத்தியா தம்பி கதைக்கிறீங்க? இந்த மழை இன்னும் ரெண்டு நாள் பெய்தா ஆத்துவாய வெட்டியாகணும். இல்லாட்டி எங்கட வெள்ளாமையெல்லாம் தண்ணிக்குள்ளதான்" என்றார்.

"மீன்பிடிக்கிற ஆட்கள் சம்மதிப்பார்களா, காக்கா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "அவங்க பொறுக்கச் சொல்லுவாங்க. முந்தி வெட்டினா இறாலெல்லாம் கடலுக்குப் போயிருமாம். அதுவும் ஞாயம்தான். இவ்வளவு காலமும் அப்படித்தான் கதைச்சுப் பேசி வெட்டி வாறம்."

இந்த ஒரு பேச்சிலே களப்பின் இயல்பு முழுவதும் அடங்கிவிட்டது. வடகீழ்ப் பருவமழை பெய்யும்போது ஆறுகளும் வயல்வாய்க்கால்களும் வெள்ளத்தைக் களப்பிலே கொண்டு சேர்க்கின்றன. கோடையிலே கடலலை கொணர்ந்து குவித்த மணல், களப்பின் வாயை அடைத்து நிற்கும். நீர்மட்டம் ஏற ஏற வயல் மூழ்கும். ஓரிடத்திலே மணலை வெட்டிவிட்டால், வெள்ளம் தானே வழியை அகலமாக்கிக்கொண்டு கடலிலே பாயும். பிறகு அதே வழியாக உவர்நீர் உள்ளே வரும். இறாற்குஞ்சும் மீன்குஞ்சும் அதனோடு வந்து சேரும். எப்போது வெட்டுவது என்பதிலேதான் போடியாருக்கும் வலைஞருக்கும் வழக்கு. இருவருக்கும் உணவளிப்பது ஒரே நீர்.

வெட்டும் இடத்துக்குத் தமிழன் இட்ட பெயர் முகத்துவாரம். அக்கரைப்பற்றுப் பக்கத்திலே 'சின்ன முகத்துவாரம்' என்றே ஓரிடம் உண்டு. பேச்சு வழக்கில் அது 'ஆற்றுவாய்'. வெனிஸ் லகூனாவுக்குக் கடலோடு தொடர்பு தருவன மூன்று வாய்கள்: லீடோ, மலமோக்கோ, கியோஜா என்பன அவை. இவற்றை இத்தாலியர் 'போக்கா' என்பர். போக்கா என்றால் வாய்! ஒருவரையொருவர் கேளாமலே இரு சமூகத்தாரும் நீருக்கு வாயொன்று உண்டென்று கண்டிருக்கின்றனர்.

அந்த வாயைக் காப்பதிலே வெனிஸ் மக்கள் பட்ட பாடு சிறிதன்று. அவர்களுடைய லகூனா ஏறத்தாழ 550 சதுரக் கிலோமீற்றர் பரப்புடையது. பிரெந்தா, பியாவே முதலிய ஆறுகள் கொணரும் வண்டல் அதனைத் தூர்த்துவிடும் என்று அஞ்சி, பல நூற்றாண்டுகள் உழைத்து அந்த ஆறுகளையே வேறு வழியாகக் கடலுக்குத் திருப்பினர். பின்னர் கடலே பகையாயிற்று. 1966 நவம்பர் 4ஆந் தேதி, நீர் வழக்கமான அளவைகுறிக்கு மேல் 194 சென்ரிமீற்றர் உயர்ந்து நகரை மூழ்கடித்தது. இத்தகைய வெள்ளத்தை அவர்கள் 'அக்குவா ஆல்ட்டா', அதாவது உயர்நீர், என்பர். நீண்டகால முயற்சியின் பின் மூன்று வாய்களிலும் 78 எழுகதவுகள் அமைக்கப்பட்டன. 2020 அக்டோபர் 3ஆந் தேதி அவை முதன்முறையாக உயர்நீரைத் தடுத்து நிறுத்தின. நாம் வாயைத் திறக்க மண்வெட்டி எடுக்கின்றோம். அவர்கள் வாயை மூட இரும்புக் கதவு செய்தனர். இரண்டிலும் கவலை ஒன்றுதான்.

லகூனாவோடு தொடர்புடைய மற்றோர் இத்தாலியச் சொல்லும் நம் நாட்டை விட்டு எளிதில் அகலவில்லை. 'மலா' என்றால் தீயது. 'ஆரியா' என்றால் காற்று. சதுப்பு நிலத்திலிருந்து எழும் தீய காற்றே காய்ச்சலைத் தருகின்றது என்று நம்பி அதற்கு மலேரியா என்று பெயரிட்டனர். காற்று குற்றமற்றது, கொசுவே குற்றவாளி என்பதற்கு 1897இல் செகந்தராபாத்திலே ரொனால்ட் ரோஸ் சான்று கண்டார். ஆயினும் பெயர் மாறவில்லை. 1934, 1935ஆம் ஆண்டுகளில் இலங்கையைச் சூறையாடிய அந்நோய் ஒழிந்துவிட்டதென்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது. நோய் போயிற்று, தவறான விளக்கத்தைத் தாங்கிய சொல் மட்டும் நிலைத்துவிட்டது.

திருக்கோவிலை அடைந்தபோது மழை விட்டிருந்தது. முதலிலே சித்திர வேலாயுத சுவாமி ஆலயத்துக்குச் சென்று வணங்கினோம். ஆடி அமாவாசைத் தீர்த்தத்தன்று மனிதத் தலைகளால் நிரம்பும் அக்கடற்கரை, மார்கழியிலே அலையோசை ஒன்றையே துணையாகக் கொண்டு கிடந்தது. 2004 டிசம்பர் 26ஆந் தேதி இந்தக் கடல் எழுந்து வந்தது. இலங்கையிலே மிகுதியான உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டமே; மாண்டவர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். துறைமுக அலை என்று பொருள்படும் 'சுனாமி' என்ற யப்பானியச் சொல் அன்று காலை வரை இங்குள்ளோர் பலர்க்குத் தெரியாது. மாலைக்குள் சிறு குழந்தைக்கும் தெரிந்துவிட்டது. மருமகள் அந்த ஆண்டுக்குப் பின் பிறந்தவள். ஆயினும் அச்சொல்லுக்கு என்னிடம் பொருள் கேட்கவில்லை. அவள் வீட்டுச் சுவரிலே இரண்டு படங்களுக்கு மாலை தொங்குகின்றது. சில சொற்களின் பொருளைக் குடும்பமே கற்பித்துவிடுகின்றது.

மாலையிலே தம்பிலுவில் வீட்டின் வளவைத் தாண்டிக் களப்பங்கரைக்குப் போனோம். நீர் ஈய நிறமாய்க் கிடந்தது. கண்ணா மரங்களின் நிழலிலே கொக்குகள் ஒற்றைக்காலில் நின்றன. இடுப்பளவு நீரிலே ஒருவர் வீச்சுவலையைச் சுழற்றி எறிந்தார். என் தங்கையிடம் அயல்வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டதற்கு, "களப்புக்குப் போயிட்டார்" என்றாள். மீன்பிடிக்கப் போனார் என்பதே அதன் பொருள். வெனிஸ் நகரத்தவரும் 'லகூனாவிலே' என்று ஒரு சொல்லாற் சொல்லித் தோணியேறிப் போவதை இவ்வாறே குறிப்பர்.

களப்பு என்பதற்கு ஆழங் குறைந்த நீர்ப்பரப்பு என்பது அகராதிப் பொருள். சிங்கள மக்கள் 'கலப்புவ' என்பதும் இதுவே. ஆற்றுநீரும் கடல்நீரும் கலப்பதாற் களப்பு என்று விளக்கம் சொல்வாரும் உளர். லகரமும் ளகரமும் வெவ்வேறு எழுத்துகளாதலின் அதனை முடிவாகக் கொள்ளலாகாது. எனினும் நீரின் இயல்பை நோக்கினால் அந்த விளக்கம் மனத்துக்கு இனிக்கத்தான் செய்கின்றது. 50 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு, தெற்கே கல்முனைப் பக்கம் வரை வருகின்ற பெருங்களப்பே மட்டக்களப்பு என்ற மாநிலப் பெயருக்குள்ளும் அமர்ந்திருக்கின்றது. இவ்வளவு பெரிய சொல்லைத்தான் பிள்ளைகள் பரீட்சைக்கு உதவாத ஊர்ச்சொல் என்று எண்ணி விடைத்தாளுக்கு வெளியே நிறுத்திவிட்டனர்.

கரையோரமாகச் சிறிது தூரம் நடந்தோம். ஓரிடத்திலே கண்டல் வெட்டப்பட்டு, லொறி லொறியாகக் கிரவல் கொட்டி நிரப்பப்பட்டிருந்தது. அதற்கு அப்பால் பொலித்தீன் பைகளும் இடிந்த வீட்டுக் கற்களுமாய்க் குப்பைமேடு. அந்த மூலையில் நீர் அசையவில்லை. பச்சையாய்ப் பாசி படர்ந்து நாறியது.

வெனிஸ் நாட்டார் வழங்கும் இரு தொடர்கள் அப்போது என் நினைவுக்கு வந்தன. கடலின் வற்றுப்பெருக்கு வந்து தொடும் பகுதியை அவர்கள் 'லகூனா வீவா' என்பர்: உயிருள்ள லகூனா. அந்த ஓட்டம் எட்டாத பகுதி 'லகூனா மோர்த்தா': இறந்த லகூனா. நீருக்கு வாய் உண்டென்று கண்டவர்கள், மூச்சும் உண்டென்று கண்டதில் வியப்பில்லை.

"மாமா, நீங்க சொன்ன ரெண்டு சொல்லில ஒன்றை நிரப்பவேணும், மற்றதை நிரப்பக் கூடாது, அப்படித்தானே?" என்றாள் மருமகள்.

பயணம் முழுவதும் யான் சொல்லிவந்ததை அவள் ஒரே வாக்கியத்திற் சொல்லிவிட்டாள். லக்கூனாவை நிரப்பவேண்டும், லகூனாவை நிரப்பலாகாது. அறிவிலே விழுந்த பள்ளத்தை மூடுவது கல்வி. நீர் தங்கும் பள்ளத்தை மூடினால், அடுத்த மாரியிலே அந்த நீர் நம் முற்றத்திலே வந்து இடம் கேட்கும். களப்பு அழிந்த ஊரிலே களப்பு என்ற சொல்லும் நெடுங்காலம் வாழாது. அப்போது நம் பேரப்பிள்ளைகள் விடைத்தாளிலே விடும் வெற்றிடத்தை எவராலும் நிரப்ப முடியாது.

அன்றிரவு விளக்கடியிலே அமர்ந்து அவள் விடைத்தாளை எடுத்தாள். புள்ளி இனிக் கிடைக்கப்போவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆயினும் பேனாவைத் திறந்து, வெறுமையாய்க் கிடந்த வரியிலே எழுதினாள்: 'எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள களப்பு.' சற்று யோசித்துவிட்டு, அதன் கீழே மேலும் ஒரு சொல்லைச் சேர்த்தாள்: 'உயிருடன் உள்ளது.'